பொக்லைனுக்குத் தெரிந்த விலாசம்

கூவம் ஓரத்து வீட்டுக்கு வழி தெரியாமல் பொக்லைன் ஒருநாளும் திண்டாடியதில்லை. கதவு எண் கிடையாது, பட்டா கிடையாது, தபால்காரரே நாலு பேரிடம் விசாரித்துத்தான் வந்து சேருவார். பொக்லைன் மட்டும் விடிகாலையில் மிகச் சரியாக அந்த வாசலில் வந்து நிற்கும். அதற்கு முன்பே ஆட்கள் வந்து குடும்பத்தில் எத்தனை தலை என்று எண்ணி, கைரேகை வாங்கி, டோக்கன் கொடுத்திருப்பார்கள். சாமான்களை லாரியில் ஏற்றி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் எந்த பிளாக், எந்த மாடி, எந்தக் கதவு என்று சாவியைக் கையில் வைக்கும் வரை நிர்வாகத்துக்கு ஒரு சின்னத் தடுமாற்றம்கூட இல்லை. பார்க்கப் பெருமையாக இருக்கும். இவ்வளவு துல்லியமான அரசாங்கம் உலகத்தில் வேறெங்கே உண்டு?

அதே ஆளை வாக்காளர் பட்டியலுக்காகத் தேடும்போதுதான் அரசாங்கத்துக்குத் திடீரென்று மாலைக்கண் வந்துவிடுகிறது. கதவைத் தட்டினோம், பூட்டியிருந்தது. ஆள் இல்லை. குடிபெயர்ந்துவிட்டார். எழுது. அடித்துவிடு.

"இடித்தது மாநில அரசு, பட்டியல் போடுவது தேர்தல் ஆணையம், இரண்டையும் குழப்பாதே" என்று சட்டம் படித்தவர்கள் திருத்த வருவார்கள். சரி ஐயா. வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிற வருவாய்த் துறைதான் வாக்காளர் பதிவுக்கும் மேசை போடுகிறது. அலமாரி ஒன்று, ஃபைல் இரண்டு. ஒரு ஃபைலில் அந்தக் குடும்பத்தின் புது விலாசம் முத்திரையோடு இருக்கிறது. இன்னொரு ஃபைலில் அந்தக் குடும்பமே இல்லை. இரண்டு ஃபைலையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க எந்தச் சட்டம் தடுத்தது?

2025 நவம்பர் 4 தொடங்கி டிசம்பர் 14 வரை, இரண்டு முறை கெடு நீட்டி, தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தது. எஸ்.ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலம் பார்த்துத் தேதி குறித்த ஜோசியர் யாரோ, அவருக்கு ஒரு சால்வை போர்த்த வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் டிட்வா புயலின் மிச்சம் சென்னையையும் திருவள்ளூரையும் ஊறப்போட்டபோது, முட்டளவுத் தண்ணீரில் நின்று தன் பெயரின் எழுத்துப்பிழையை யோசிக்கும் பாக்கியம் திருவேற்காடு போன்ற மேற்குப் புறநகர்களின் மக்களுக்குக் கிடைத்தது. வேலைப்பளு தாங்காமல் வருவாய்த்துறை ஊழியர் சங்கங்களே நவம்பர் 18 முதல் பணியைப் புறக்கணித்தன. யார் கத்தினாலும் வண்டி நிற்கவில்லை.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சம் பேர் இருந்த பட்டியலில் 97 லட்சத்து 37 ஆயிரம் பேரைக் காணோம். நூற்றுக்குப் பதினைந்து பேர். சென்னை மாவட்டத்தில் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கு மேல், அதாவது மூவரில் ஒருவர். திருவேற்காடு இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்தில் ஆறு லட்சத்துக்கு மேல்.

இதில் 26.94 லட்சம் பேர் இறந்தவர்கள், சில லட்சம் பெயர்கள் இரட்டைப் பதிவு என்றது ஆணையம். அவற்றை எடுத்ததில் எனக்குச் சண்டை இல்லை. செத்தவர் ஓட்டை உயிரோடு இருப்பவர் போட்டுவிட்டுப் போவது நம் ஊரின் பழைய கைத்தொழில். அது ஒழிந்தால் நல்லதுதான். மீதி 66 லட்சத்து 44 ஆயிரம் பேர் முகவரியில் இல்லாதவர்களாம், குடிபெயர்ந்தவர்களாம். இந்தக் கணக்கில்தான் எனக்குப் பற்றி எரிகிறது.

வாடகை ஏறினால் வீடு மாற்றுகிறவன் இந்தக் கணக்கில் உண்டு. கல்யாணமாகிப் போன பெண் உண்டு. அவர்களோடு சேர்த்து, அரசாங்கமே போகச் சொல்லிப் போனவர்களும் உண்டு. கூவம் திருவேற்காட்டைத் தொட்டுக்கொண்டுதான் நகருக்குள் நுழைகிறது. நதியைச் சீரமைக்கிறோம் என்று கரையோரத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்தெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்பதைச் சொல்ல ஆய்வு எதுவும் தேவையில்லை. எந்தக் குடியிருப்புக்குள்ளும் நுழைந்து சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்தாலே போதும். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் சத்தியவாணிமுத்து நகர் என்று ஒன்று இருந்தது. சத்தியவாணி முத்து தலித் மக்களுக்காகத் தன் கட்சித் தலைமையோடு மோதி வெளியேறி, 1974ல் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். மாநிலத்திலும் மத்தியிலும் அமைச்சராக இருந்தவர். அவர் பெயரை வைத்ததால் அந்த நகருக்கு ஒருநாள்கூட ஆயுள் கூடவில்லை. கொரோனாக் காலத்திலேயே ஆட்களை ஏற்றி பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டார்கள்.

திருவேற்காட்டின் கோலடி ஏரியில் 2024ல் வீடுகளுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வந்தது. இப்படி நோட்டீஸ் வாங்குகிற பகுதிகளில் பெரும்பாலும் மின் இணைப்பு இருக்கும், தெரு விளக்கு இருக்கும், தேர்தலுக்குத் தேர்தல் ஆரத்தித் தட்டில் விழுந்த நோட்டும் இருக்கும். ஓட்டுக் கேட்டு வரும்போது எந்த வேட்பாளருக்கும் காலடியில் ஏரி தெரிந்ததில்லை. நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் ஏரிக்குள் எழும்பிய பெரிய கட்டடங்களின் முன்னால் வரும்போது பொக்லைனுக்கு டீசல் தீர்ந்துபோகிற அதிசயத்தை யாராவது விளக்கினால் தேவலை.

சரி, பெயர் போய்விட்டது. திரும்பச் சேர்ப்பது எப்படி? அதற்குமுன் ஒரு பரீட்சை உண்டு: பழைய 2002 பட்டியலில் பெயரைக் காட்ட வேண்டும். வீடு வீடாகப் படிவம் கொடுக்க வருகிறவர் பல இடங்களில் அங்கன்வாடி டீச்சர். காலையில் குழந்தைகளுக்குச் சத்துமாவு, மதியத்துக்குமேல் ஜனநாயகம். அவருக்கும் கரையோரத்து ஆயாவுக்கும் நடக்கிற பேச்சு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்:

"ஆயா, 2002 லிஸ்ட்ல உங்க பேரு எங்க இருக்கு?"

"இன்னாம்மா கேக்கற? நான் இங்கதான் இருந்தேன். கரையில."

"அது இல்ல ஆயா. எந்தத் தொகுதி, எந்தப் பாகம், வரிசை நம்பர் எத்தினி? அத்த எழுதணும்."

"வரிசையில நின்னுதாம்மா போட்டேன். எத்தினியாவது ஆளா நின்னேன்னா கேக்கற?"

"உங்க அப்பா அம்மா பேராவது அதுல இருக்கா?"

"அவங்க ஓட்டுப் போட்டது எம்.ஜி.ஆருக்கு. அதுக்குமேல எனக்குத் தெரியாது டீச்சரம்மா."

ஆயா சொன்னதில் தப்பே இல்லை. கேள்வியில்தான் கோளாறு. இன்றைய ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் ஆகிய மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் 2008 மறுசீரமைப்பில் பிறந்தவை. 2011ல்தான் முதல் தேர்தலைக் கண்டன. 2002ல் இந்தப் பக்கமெல்லாம் பூந்தமல்லி, வில்லிவாக்கம் என்ற பெரிய தொகுதிகளுக்குள் கிடந்தது. அதாவது, இல்லாத தொகுதியில் தன் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஸ்மார்ட்போனில், அதுவும் மழையில். எல்லையை மாற்றி வரைந்தவர் ஆணையரோ அதிகாரியோ யாராக இருந்தாலும், அதை ஞாபகம் வைத்திருக்க வேண்டியவர் மட்டும் வீட்டுவேலைக்குப் போகிற ஆயா.

பழைய பட்டியலோடு பெயர் பொருந்தவில்லையென்றால் ஆவணம் காட்டலாம். ஆணையம் தாராள மனதோடு ஒரு பட்டியலே கொடுத்திருக்கிறது. பாஸ்போர்ட் காட்டலாம். அரசு ஓய்வூதிய ஆணை காட்டலாம். மெட்ரிக் சான்றிதழ் காட்டலாம். 1987 ஜூலைக்கு முன்னால் வங்கியோ எல்.ஐ.சி.யோ கொடுத்த காகிதம் காட்டலாம். வன உரிமைச் சான்றுகூடக் காட்டலாம். ரேஷன் கார்டு அதில் இல்லை. ஏழை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிற ஒரே காகிதம் ரேஷன் கார்டுதான். அது மட்டும் செல்லாது. அதைவிட வேடிக்கை, ஆணையமே படம் பிடித்து, ஹாலோகிராம் ஒட்டிக் கொடுத்த வாக்காளர் அடையாள அட்டையும் அந்தப் பட்டியலில் இல்லை. தன் கையெழுத்தைத் தானே நம்பாத முதல் அலுவலகம் இதுவாகத்தான் இருக்கும். ஆதார்கூட 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பன்னிரண்டாவதாக உள்ளே வந்தது, அதுவும் அடையாளத்துக்கு மட்டும்.

இதே மாவட்டத்தில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் உண்டு. சாதிச் சான்றிதழுக்காகவே வருஷக்கணக்கில் கோட்டாட்சியர் அலுவலகப் படியேறுகிறவர்கள். அந்தச் சான்றிதழ் பட்டியலில் இருக்கிறது. அதாவது, இத்தனை வருஷமாக அரசாங்கம் உங்களுக்குக் கொடுக்க மறுத்த காகிதத்தைக் காட்டினால் போதும், அரசாங்கம் உங்களை ஒத்துக்கொள்ளும்.

எல்லாம் தோற்றால் ஃபாரம் 6. புதிய வாக்காளருக்கான படிவம். அண்ணாவின் கூட்டத்துக்குக் குழந்தையாகத் தகப்பன் தோளில் போனவள், இருபது தேர்தலில் விரலில் மை வாங்கியவள், தள்ளாத வயதில் முதல்முறை வாக்காளர் ஆகிறாள். அவளையும் கல்லூரி வாசலில் நிறுத்தி, கையில் பலூன் கொடுத்து செல்ஃபி எடுத்தால் விழிப்புணர்வு வாரம் அமோகமாக முடியும்.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதிய வந்த கறுப்பின மக்களுக்கு வைத்த பரீட்சையின் தங்கைதான் இது. 1962 ஆகஸ்ட் 31 அன்று ரூல்வில் என்ற சிற்றூரிலிருந்து பதினெட்டுப் பேர் வாடகைப் பேருந்தில் இண்டியானோலா பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். அவர்களில் பருத்திப் பண்ணைக் கூலியான ஃபேனி லூ ஹேமர் ஒருவர். பதிவாளர் மாநில அரசியலமைப்பிலிருந்து ஒரு பிரிவை எடுத்து நீட்டி விளக்கம் எழுதச் சொன்னார். முன்தேதியிட்டு அமலாகும் சட்டங்களைப் பற்றிய பிரிவு அது. பள்ளிக்கூடத்தைச் சில வருஷம் மட்டும் பார்த்த கூலிப் பெண் தோற்றுப்போனார். சில ஊர்களில் சோப்புக் கட்டியில் எத்தனை குமிழி என்றுகூடக் கேட்டதாகச் சொல்வார்கள். திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை மடக்கி டிரைவருக்கு அபராதம் போட்டது. குற்றம்: பேருந்து அளவுக்கு மீறி மஞ்சளாக இருந்தது. அன்று இரவே பண்ணை முதலாளி, மனுவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றார். பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையை விட்டு ஹேமர் வெளியே போனார். அடுத்த ஜனவரியில் பரீட்சையில் தேறினார்.

அலபாமாவின் லோண்டஸ் வட்டாரத்தில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பினத்தவர். 1965 பிறந்தபோது பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. அந்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்ததும் துணிந்து பதிவு செய்தவர்களைப் பண்ணையார்கள் குடிசையிலிருந்து துரத்தினார்கள். அவர்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் போட்டு, மழையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் அங்கேயே இருந்து, ஓட்டுப் போட்டுக் காட்டினார்கள். அங்கே ஓட்டுக் கேட்டதற்காக வீட்டைப் பிடுங்கினார்கள். இங்கே வீட்டைப் பிடுங்கிவிட்டு, வீடு இல்லையே என்று ஓட்டைப் பிடுங்குகிறோம். அமெரிக்கப் பண்ணையாருக்கு இந்த யோசனை வரவில்லை, பாவம். ஐ.ஏ.எஸ். படித்திருந்தால் வந்திருக்கும்.

நமக்கும் பண்ணையார் முறை புதிதில்லை. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996ல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் ஓட்டுப்பெட்டியையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மறுதேர்தலில் முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30 அன்று பட்டப்பகலில் பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். முருகேசனின் தலையைத் துண்டித்தார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் பதின்மூன்று பேரை 2019 நவம்பரில் அரசு நன்னடத்தை பார்த்து முன்கூட்டியே வெளியே விட்டது. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் பத்து வருஷம் முறையாகத் தேர்தல் நடக்க விடவில்லை. மனுப் போட ஆள் வராது. வந்தால், ஊர்ப் பெரியவர்கள் நிறுத்திய ஆள் ஜெயித்து, உறுதிமொழி எடுத்த சூட்டோடு ராஜினாமா செய்துவிடுவார். 2006 அக்டோபரில்தான் ஒருவழியாக அங்கே தேர்தல் நடந்தது. பத்து வருஷம் சட்டத்தை மிதித்த ஊர்களை அரசு சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா கொண்டாடியது.

அது தெற்கே, அங்கே அரிவாள் கலாசாரம் என்று இந்தப் பக்கத்தார் மீசையைத் தடவ வேண்டாம். இதே திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கம். 2020 ஆகஸ்ட் 15 அன்று ஊராட்சித் தலைவர் அமிர்தம் தேசியக் கொடி ஏற்ற முடியவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், தலித் பெண். செய்தி வெளியாகி ஊர் சிரித்த பிறகு, கலெக்டரும் போலீசும் வந்து நிற்க, ஐந்து நாள் கழித்து அவர் கையால் கொடி ஏறியது. 2022ல் தலைமைச் செயலாளர் இறையன்பு கலெக்டர்களுக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்தது: தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று. சுதந்திரம் வாங்கி எழுபத்தைந்து வருஷம் ஆன கொண்டாட்டத்தில், கயிற்றை இழுக்க அனுமதிக் கடிதம்.

இதையெல்லாம் எழுதும்போது, எஸ்.ஐ.ஆர். நடந்தபோது மாநிலத்தை ஆண்ட கட்சியின் நண்பர்கள் பலமாகத் தலையாட்டுவார்கள். எஸ்.ஐ.ஆர். வாக்குப் பறிப்பு, உச்ச நீதிமன்றம் வரை போனோம் என்பார்கள். போனது உண்மை. அப்படியே ஒரு கேள்வி. திருவள்ளூர் உட்பட 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சி அமைப்புகளுக்கு 2025 ஜனவரி 5 அன்று பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் எங்கே? தனி அலுவலர்களை உட்கார வைத்து ஓராண்டு கடந்தும் தேர்தல் வரவில்லை. வார்டு வரையறை, எல்லை மாற்றம், நகரத்தோடு இணைப்பு என்று தினுசு தினுசாகக் காரணம். அதற்கு முந்தைய ஆட்சி மட்டும் என்ன வாழ்ந்தது? திருவேற்காடு நகராட்சிக்கும் சேர்த்து நகர்ப்புற மன்றங்களை 2016 அக்டோபரிலிருந்து ஐந்து வருஷத்துக்கு மேல் பூட்டி வைத்தார்கள். 2022 பிப்ரவரியில்தான் மக்கள் கவுன்சிலர் முகத்தைப் பார்த்தார்கள். டில்லி பட்டியலிலிருந்து பெயரை எடுக்கிறது. கோட்டை தேர்தலையே எடுத்துவிடுகிறது. இரண்டில் எது சிக்கனம் என்று கேட்டால் கோட்டைதான். ஒவ்வொரு பெயராக அடிக்கிற மெனக்கெடல் மிச்சம். அப்போதைய எதிர்க்கட்சிகளுக்கும் இதில் வாய் திறக்க வழியில்லை. ஒன்று அந்த வித்தையைச் செய்து காட்டியது, இன்னொன்று செய்கிறவர்களுக்குக் கைதட்டியது.

இத்தனைக்கும் நடுவில் வேலை செய்தவர்கள் யார்? தெருவில் இருக்கிறவர்கள்தான். ஜெராக்ஸ் கடைக்காரப் பையன் பழைய பட்டியலை இறக்கி, வில்லிவாக்கத்துக்குள் ஆவடியைத் துழாவினான். காலேஜ் போகிற பெண் தன் தெருவுக்கே படிவம் எழுதிக் கொடுத்தாள். அவள் அம்மாவுக்குக் கையெழுத்து வராது; வீட்டில் நாலு கைரேகை வைக்க ஒரே ஸ்டாம்ப் பேடு. சுயஉதவிக் குழு அக்காக்கள் கடன் தவணை நோட்டின் பின்பக்கத்தில் யார் படிவம் போச்சு, யாருடையது வரவில்லை என்று கணக்கு எழுதினார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் போகிறவனையும் விடியலில் கிளம்பிப் போகிற சித்தாளையும் ராத்திரி பத்து மணிக்குமேல் பிடித்து உட்கார வைத்தார்கள். பகல் பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி "ஆள் இல்லை" என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாத ரகசியம் இது: கூலிக்காரன் வீடு பகலில் பூட்டித்தான் இருக்கும். அது திறந்திருந்தால் அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம்.

அமெரிக்காவிலும் இப்படித்தான் நடந்தது. தெற்கு கரோலினாவின் ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர், தன் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓட்டிக்கொண்டே அரசியலமைப்பைச் சொல்லிக் கொடுத்தார். 1957ல் அங்கே ஒரு கூட்டுறவு மளிகைக் கடையின் பின்னறையில், செப்டிமா கிளார்க் ஏற்பாட்டில், பெர்னிஸ் ராபின்சன் என்ற அழகுக்கலைப் பெண் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் வாக்குரிமை. வெள்ளைக்காரன் கண்ணுக்கு மளிகை மட்டும் தெரியும். அந்தப் பின்னறையிலிருந்து தெற்கு மாநிலங்கள் முழுக்கக் குடிமைப் பள்ளிகள் கிளம்பின.

ஆனால் ஒன்று. இவர்களைப் பாராட்டிக் கட்டுரையை முடித்துவிட்டு, கைதட்டி எழுந்து போக எனக்கு மனம் வரவில்லை. தாய்மார்களின் விடாமுயற்சி, இளைஞர்களின் சேவை என்று சுதந்திர தின விழாவில் கேடயம் கொடுத்துவிடுவார்கள். ஓட்டைப் பறிகொடுத்தவனே தன் ராத்தூக்கத்தைச் செலவழித்து அதை மீட்டு வருவதற்குச் சேவை என்று பெயர் வைக்கிற நாட்டில், பறித்தவனுக்கு என்ன பெயர்? அவனுக்குப் பதவி உயர்வு.

வேறொரு யோசனையும் வைக்கிறேன், அரசு பரிசீலிக்கலாம். இந்த மாநிலத்தில் வாக்காளரை ஒருவர்கூட விடாமல் கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே துறை பணப் பட்டுவாடாத் துறை. திருமங்கலம் ஃபார்முலா என்று 2009லேயே அதற்கு உலகப் புகழ். பறக்கும் படை, பார்வையாளர், கேமரா எல்லாவற்றையும் தாண்டி, ஒரே ராத்திரியில், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஓட்டு என்று எண்ணிக் கவரைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் 2017லும் வேலூர் மக்களவைத் தேர்தல் 2019லும் ரத்தாகும் அளவுக்கு அந்தத் துறை நேர்த்தியாக உழைத்தது. பெரும்பாக்கத்துக்கு மாறிப்போனவனின் ஓட்டு பழைய தொகுதியிலேயே இருந்தால், அங்கேயே வேன் வைத்துக் கூட்டிவந்து போட வைக்கவும் அவர்களுக்குத் தெரியும். ஆறு வாரத்தில் ஆணையம் காணாமல் போக்கிய ஆட்களை, இவர்கள் ஆறு மணி நேரத்தில் பிடித்துக் கொடுப்பார்கள். பட்டியல் வேலையை அவர்களிடமே டெண்டர் விடுங்கள். ஓட்டுக்கு விலை கொடுக்கிறவனாவது, ஓட்டு இருப்பதாக ஒத்துக்கொள்கிறான்.

திருவேற்காட்டில் பிறந்த நாயன்மார் ஒருவர் உண்டு. மூர்க்க நாயனார். அடியார்களுக்குச் சோறு போடச் சூதாடினார். முதல் ஆட்டத்தில் தோற்பார், பின் ஆட்டங்களில் வெல்வார். தோற்றவன் பணம் தராமல் மறுத்தால் உடைவாளை உருவிக் குத்துவார். அறுபத்து மூவரில் ஒருவராக அவருக்கு இடமும் கிடைத்தது. இந்த ஊர் மக்கள் அவரைவிட ஆயிரம் மடங்கு சாது. எத்தனையோ ஆட்டத்தில் தோற்கடிக்கப்பட்டு, பகடையே பறிபோன பிறகும், வரிசையில் நின்று அடுத்த படிவத்தை வாங்குகிறார்கள். ஆட்சியாளர்கள் நன்றி சொல்ல வேண்டியது மக்களின் இந்தப் பொறுமைக்குத்தான். சொல்லவும் வேண்டாம், அதையே பலவீனம் என்று கணக்குப் போடாமல் இருந்தால் சரி.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்தை எந்த அதிகாரி இடத்தைவிட்டு அகற்றுகிறாரோ, அந்தக் குடும்பத்தின் ஓட்டைப் புது விலாசத்தில் சேர்ப்பது அந்த அதிகாரியின் வேலை என்று உத்தரவு போடுங்கள். டோக்கன் கொடுக்கிற மேசையிலேயே ஃபாரம் 8 இருக்கட்டும். புதுப் பட்டியலில் அத்தனை பெயரும் ஏறிவிட்டதாகச் சான்றிதழ் வராமல் பொக்லைனின் சாவியைத் திருப்பக் கூடாது. உள்ளாட்சியைத் தேர்தல் இல்லாமல் எத்தனை நாள் தனி அலுவலர் ஆள்கிறாரோ, அத்தனை நாளும் அமைச்சர்களுக்குச் சம்பளம் இல்லை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வார்டு வரையறை எவ்வளவு வேகமாக முடிகிறது என்று பார்க்கலாம். ஆயாவிடம் 2002ம் ஆண்டின் வரிசை எண்ணைக் கேட்கிறவர்கள், முதலில் தங்கள் அலமாரியில் இருக்கிற 2020ம் ஆண்டின் டோக்கன் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டட்டும். அவள் எங்கே இருக்கிறாள் என்று அதில் எழுதியிருக்கிறது. எழுதியது நீங்கள்.